கேட் யாருக்காகக் காத்திருக்கிறது

வேலம்பாளையம்
3 அக்டோபர் 2025, வெள்ளி

தரணி அண்ணாவுக்கு,

முதலில் நான் பார்த்தது மூன்று சிவப்பு நட்சத்திரங்களை. சர்வரின் கறுப்புத் திரையின் ஓரத்தில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், இடமிருந்து வலமாகப் போய் சுவரில் முட்டியதுபோல் திரும்பி வந்துகொண்டிருந்தன. வேறு எதுவும் அசையவில்லை. பக்கத்தில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் முடிவில் நொடிகள் ஏறின. ஒன்றரை நிமிடம் ஆனதும் நட்சத்திரங்கள் மறைந்தன. சிவப்பில் சில வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு ரூட் பாஸ்வேர்டு கேட்டு அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். அதேதான். மறுபடி அணைத்துப் போட்டேன். அதேதான்.

சர்வர் எழாவிட்டால் போன் செய்யாதே, மெயிலில் எழுது என்று ஆடி மாதம் நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது சொன்னீர்கள். போன் செய்யச் சொல்லியிருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன். பனியன் செக்கிங்கிலிருந்து சிஸ்டம் ரூமுக்கு மாற்றிய முத்துப்பேச்சி நான். "பேசாத புள்ளைங்க, உள்ள வெச்சா வெளிய ஒண்ணும் போவாது" என்று மேனேஜர் கிட்டுசாமி உங்களிடம் சொன்னது என்னைப் பற்றித்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று உங்கள் பெரியம்மா, முதலாளி வீட்டு சாரதாமணி அம்மா, சிஸ்டம் ரூமுக்கு வந்தார்கள். "எல்லா மெஷினும் ஓய்வெடுக்குது, இது மட்டும் என்னத்துக்குங் கண்ணு உறுமீட்டிருக்குது? நிறுத்திப் போடு" என்றார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த முறைப்படியே நிறுத்தினேன். சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நேற்று விடுமுறை, வெளியே போக யாருக்கும் அனுமதி இல்லை. இன்று காலை போட்டேன். எழவில்லை.

சர்வர் எழாததால் ஹாஸ்டல் கேட்டில் பேர் வரவில்லை. உங்களுக்குத் தெரியும், வாட்ச்மேன் கன்னையன் அண்ணன் அந்தச் சின்னத் திரையில் பச்சையில் பேர் வந்தால்தான் வெளியே விடுவார். வெளியாள் உள்ளே வருவதற்கும் அதே திரைதான். இன்று காலை சித்ரகலா அக்காவின் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தார்கள். அக்காவும் நானும் ஒரே அறை. அவள் அம்மாவைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது. வெளியே போய் வர மேனேஜர் முந்தின வாரமே அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் திரை வெறுமையாக இருந்தது. "பொட்டீல பேரு வருலீன்னா நான் என்ன கண்ணு பண்றது?" என்றார் கன்னையன் அண்ணன். மேனேஜரிடம் போனோம். "சிஸ்டத்துல வராம வாய்ல சொல்லி அனுப்பீட்டு, நாளைக்கி ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அந்த அம்மா மதியம்வரை கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு, கொண்டுவந்த தூக்குச்சட்டி கம்பிக்குள் நுழையாததால் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டே போனார்கள்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் எதையும் கெடுக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிற அன்று இப்படி ஆகிவிடக்கூடாது.

முத்துப்பேச்சி


ஐண்டோவன், நெதர்லாந்து
3 அக்டோபர்

முத்துப்பேச்சிக்கு,

நட்சத்திரக் கதை எனக்கு வேண்டாம். அந்த வரியில் என்ன எழுதியிருந்தது? அதுதான் வேண்டும். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். அணைத்து அணைத்துப் போட்டேன் என்கிறாய், அது என்ன டியூப் லைட்டா?

நீ எதைத் தொட்டாய்? நன்றாக யோசி. ஒன்றுமே தொடாமல் இப்படி நிற்காது. என் ஊகம், பேக்கப் டிஸ்க் கழன்றிருக்கிறது. சர்வருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி, சோப்பு டப்பா அளவில், ஒயரோடு தொங்கும். அது இல்லாமல் சர்வர் எழாது. அது அப்படித்தான். சர்வரை ஓட்டுகிற லினக்ஸின் பழைய பதிப்பில் இருந்த துவக்க முறை எதையும் கேட்காமல் குருட்டுத்தனமாக ஓடும். ஆடியில் நான் போட்டது புது வெர்ஷன். அதில் சிஸ்டம்டி என்று ஒன்றுதான் எல்லாவற்றையும் எழுப்பிவிடும். ஒன்று குறைந்தாலும் நிற்கும். தப்பாக ஓடுவதைவிட நிற்பது நல்லது.

டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போடு. எழும். அந்த டிஸ்க் சர்வரைவிட முக்கியம், நம் தயாரிப்புக் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது, இனிப் பத்திரமாக வைக்கவேண்டும் என்று நான் சொன்னதாக மேனேஜரிடம் சொல்லிவிடு.

அந்த அம்மா விஷயம் வருத்தம்தான். ஆனால் அது சர்வர் சம்பந்தப்பட்டது இல்லை.

தரணீதரன்


வேலம்பாளையம்
5 அக்டோபர், ஞாயிறு

தரணி அண்ணாவுக்கு,

டிஸ்க்கை நான் தொடவில்லை. அது உங்கள் பெரியம்மா வீட்டுப் பூஜை அறையில் இருந்தது.

பூஜை அன்று கணக்கு நோட்டு, கத்தரிக்கோல், அளவு டேப் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப்போனார்கள். சாரதாமணி அம்மா, "கணக்கெல்லாம் இதுலதான இருக்குதுன்னு தரணி சொல்லீருக்கான்" என்று டிஸ்க்கையும் கழற்றி அதற்கும் ஒரு பொட்டு வைத்து எடுத்துப்போய்விட்டார்கள். அது இல்லாவிட்டால் சர்வர் எழாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களுக்கும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் வெள்ளிக்கிழமை சாயந்தரமே மேனேஜரிடம் சொன்னேன். அவர் சாரதாமணி அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் சொன்னது எனக்குக் கேட்டது. "வெள்ளிக்கெழம அதுவுமா கணக்க ஊட்ட விட்டு வெளிய குடுப்பாங்களா? நாளைக்கிக் காத்தால வந்து வாங்கிக்கச் சொல்லுங்க." சனிக்கிழமை காலை டிஸ்க் வந்தது. மாட்டினேன். எழுந்தது. இன்று ஞாயிறு, எல்லோரும் வெளியே போய்விட்டு வந்தார்கள். சித்ரகலா அக்கா மட்டும் போகவில்லை. படுத்தே கிடந்தாள்.

இதில் நான் தொட்டது எது அண்ணா? நீங்கள் கேட்ட கேள்வியை மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். இப்போது கட்டிங் மாஸ்டர்வரை எல்லோரும் "நீ என்னத்தத் தொட்ட?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பழைய முறை குருட்டுத்தனம் என்கிறீர்கள். நான் இங்கே வந்த புதிதில் ஒருமுறை பிரிண்டர் பகுதி எழவே இல்லை. மற்றதெல்லாம் ஓடியது. பிரிண்டர் இல்லாமல் ஸ்டிக்கரைக் கையில் எழுதி ஒட்டினோம். ஒரு ஆள் வராவிட்டால் லைனையே நிறுத்த மாட்டார்கள். பக்கத்து மெஷின்காரி சேர்த்துத் தைப்பாள். ஒரு டிஸ்க் சாமி கும்பிடப் போனதற்கு ஒரு ஹாஸ்டலே ஏன் உள்ளே கிடக்கவேண்டும்?

அந்த அம்மா விஷயம் சர்வர் சம்பந்தப்பட்டது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எதன் சம்பந்தப்பட்டது?

கோபத்தில் எழுதிவிட்டேன். அழித்துவிட்டு எழுதலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை.

முத்துப்பேச்சி


ஐண்டோவன்
7 அக்டோபர்

முத்துப்பேச்சிக்கு,

பெரியம்மா டிஸ்க்குக்குப் பொட்டு வைத்ததைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். இங்கே இருப்பவர்களிடம் மொழிபெயர்த்துச் சொல்லப் பார்த்தேன். யாருக்கும் விளங்கவில்லை. நீ என்ன தொட்டாய் என்று கேட்டது என் தப்புதான். மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் கேள்வி நியாயமானது. பழைய முறை காலையில் கடை திறக்கிற ஆள் மாதிரி. வரிசையாக ஒவ்வொரு ஷட்டராகத் தூக்கிக்கொண்டே போவார். ஒன்று சிக்கிக்கொண்டால் ஒரு உதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். புது முறையில் அப்படி ஒரே ஆள் வரிசை கிடையாது. யார் யாருக்காகக் காத்திருக்கவேண்டும், யார் இல்லாமல் யார் ஓடக்கூடாது என்று ஒவ்வொன்றின் தலையிலும் எழுதி வைக்கவேண்டும். எழுதியது சரியாக இருந்தால் வேகம். எழுதியதில் ஒரு சொல் விட்டுப்போனால் அது உன்னை உட்காரவைத்துவிடும். எனக்கும் அதன்மேல் கோபம் உண்டு. ஏன் நின்றாய் என்று கேட்டால் நேராகச் சொல்லாது. முன்பெல்லாம் லாக் என்றால் ஒரு சாதாரணக் கோப்பு, திறந்தால் படித்துவிடலாம். இப்போது அதைப் படிக்கவும் அதனிடமே கேட்கவேண்டும். அதற்குத் தனியாக ஒரு கட்டளை. போன வருஷம் இங்கே ஒரு சர்வர் அணையவே மாட்டேன் என்று ஒன்றரை நிமிடம் நின்றபோது நான் மானிட்டரைத் திட்டியிருக்கிறேன். தமிழில்.

நேற்று இங்கிருந்தே நெட் வழியாகச் சர்வருக்குள் போய், டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்துகொள் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டேன். இனிப் பெரியம்மா அதைக் கல்யாணத்துக்கே கூட்டிப் போனாலும் சர்வர் எழும். தீபாவளியை நினைத்து பயப்படாதே.

தரணி


வேலம்பாளையம்
12 அக்டோபர், ஞாயிறு

தரணி அண்ணாவுக்கு,

சர்வர் எழுந்தது. கேட் எழவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் நிறுத்தி ஞாயிறு காலை கேட்டுக்காகப் போடுவது வழக்கம். சர்வரை அணைக்கக்கூடாது என்று நீங்கள் சொல்லித்தான் போனீர்கள். முதலாளி கேட்கவில்லை. "சனிக்கெழம ராத்திரி ஒரு மெஷினும் ஓடுல, அது மட்டும் எதுக்கு ஓடோணும்?" என்கிறார். இன்று காலை போட்டதும் நட்சத்திரம் எதுவும் வரவில்லை. கிடுகிடுவென்று எல்லா வரிகளும் பச்சையில் சரி, சரி என்று வந்தன. சந்தோஷப்பட்டேன். நடுவில் இரண்டே வரி மஞ்சளிலும் சிவப்பிலும் ஓடியதை நான் சரியாகப் பார்க்கவில்லை. பெல் அடித்தது, கேமரா ஓடியது. கேட்டில் திரை மட்டும் வெறுமை.

டிஸ்க் எங்கே என்று கேட்கிறீர்களா? மேனேஜரின் இரும்பு பீரோவில். அது சர்வரைவிட முக்கியம், பத்திரமாக வைக்கவேண்டும் என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே சொன்னேன். "அவ்வளவு முக்கியமா? அப்பொ வெளிய தொங்கவுடலாமா?" என்று சனிக்கிழமை வேலை முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். சாவியோடு தாராபுரம் போய்விட்டார், மச்சினன் வீட்டுக்கு. பரவாயில்லை, டிஸ்க் இல்லாவிட்டாலும் எழும் என்று நீங்கள் எழுதியிருந்ததால் நானும் தடுக்கவில்லை.

நாற்பது பேர், அண்ணா. ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்குத் துணி எடுக்க எல்லோரும் காதர்பேட்டைக்குப் போவதாக இருந்தது. தம்பிக்குச் சட்டை, அப்பாவுக்கு வேட்டி என்று ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, கேட் பக்கம் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கன்னையன் அண்ணன் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்தும் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

சித்ரகலா அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டாள். "ஏட்டி முத்து, அந்தப் பொட்டிக்கு நாங்க என்னட்டி பாவம் பண்ணுனோம்? கேட்டுச் சொல்லேன்." மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "பேருலதான் பேச்சி இருக்கா, வாயில இல்ல" என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது. நானும் சிரித்துவிட்டு சிஸ்டம் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த இரண்டு வரிகளைப் பிறகு தேடி எடுத்தேன். நீங்கள் சொன்ன அந்தத் தனிக் கட்டளையைக் கொண்டுதான். அகராதி வைத்துப் படித்தேன். தயாரிப்புக் கணக்கு எழவில்லை, ஆகவே கேட் எழவில்லை என்று இருக்கிறது. இது எப்படிச் சரி? பனியன் எத்தனை தைத்தோம் என்பதற்கும் நாங்கள் கடைக்குப் போவதற்கும் நடுவே என்ன இருக்கிறது? கேட்டுக்கு வேண்டியது எங்கள் நாற்பது பேருடைய பேர் மட்டும்தானே? இந்தத் தப்பை உடனே சரிசெய்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம். கோவில்வழி பஸ் நிலையத்தில் சாயந்தரம் ஆறரை மணிக்கு வண்டி. அதை விட்டால் தீபாவளிக் கூட்டத்தில் வேறு வண்டியில் கால் வைக்க முடியாது.

முத்துப்பேச்சி


ஐண்டோவன்
13 அக்டோபர்

முத்துப்பேச்சிக்கு,

கிட்டுசாமி அண்ணன் டிஸ்க்கைப் பூட்டி வைப்பார் என்று நான் எப்படி நினைப்பேன்? அவரிடம் பேசிவிட்டேன். இனிக் கழற்ற மாட்டார்.

ஆனால் ஒன்றை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது தப்பு இல்லை. தயாரிப்புக் கணக்கு ஓடினால்தான் கேட் ஓடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியது. போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கண்டெய்னர் வாசலில் நிற்கும்போது பேக்கிங்கில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சரக்கு நின்றுபோனது. உனக்கு நினைவிருக்கும். ஆடியில் நான் வந்தபோது பெரியப்பா கேட்டார். "அன்னன்னிக்குக் கணக்கு முடியாம கேட்டு தொறக்கக் கூடாது தரணி, அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?" பழைய முறையில் அதற்கு நாலு பக்கம் நிரல் எழுதவேண்டும். புதியதில் ஒரே வரி. அவர் முன்னாலேயே எழுதிக் காட்டினேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆகவே பழுது என்று எழுதாதே. எதைச் சொன்னார்களோ அதைத்தான் அது செய்கிறது. டிஸ்க் இருந்தால் கணக்கு ஓடும், கணக்கு ஓடினால் கேட் ஓடும். டிஸ்க் இருக்கும். அவ்வளவுதான்.

தரணி


வேலம்பாளையம்
15 அக்டோபர், புதன்

தரணி அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். முதலில் நான் இந்தப் பெட்டியின்மேல் கோபமாக இருந்தேன். இப்போது அதன்மேல் கோபம் இல்லை. பாவம், அதற்கு எழுதிக் கொடுத்ததை அது படிக்கிறது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். செக்கிங்கில் உட்கார்ந்தபோது கற்றுக்கொண்டது ஒன்றுதான். துணியில் ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைப்போம். அது நூலில் வந்ததா, மெஷினில் வந்ததா, யார் கையில் வந்தது என்பதெல்லாம் அப்புறம். எத்தனையோ பேர் என்மேல் கத்தியிருக்கிறார்கள், இது ஒரு ஓட்டையா, இதைப் போய் ஒதுக்குவாயா என்று. ஆனால் ஓட்டை இல்லை, அது டிசைன் என்று ஒருத்தரும் சொன்னது இல்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

ஒரே வரி, சுலபமாக இருந்தது என்கிறீர்கள். சுலபமாக இருந்தால் எழுதிவிடுவதா? பழைய முறையில் நாலு பக்கம் எழுதவேண்டியிருந்தால், இரண்டாவது பக்கத்திலாவது யோசித்திருப்பீர்களோ என்னவோ. அப்படியானால் எனக்குப் பழையதே போதும். சிக்கின ஷட்டரை உதைத்துவிட்டுப் போகிற அந்த ஆளே போதும்.

போன தீபாவளியை நினைவிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. செக்கிங்கிலிருந்து என்னையும் அன்று பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். மதியம் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கு விடுவதாகச் சொன்னார்கள். பிறகு ஆறு. பஸ் போய்விடும் என்றுதான் கிளம்பினோம். ஓடிப்போகவில்லை. அது உங்கள் பெரியப்பா சொன்ன கதையில் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. இங்கே முழுக்கப் பஞ்சு. தலைமுடி, கண் இமை எல்லாம் பஞ்சு. ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் கேட் யாருக்காகக் காத்திருக்கும்? அன்றைக்குத் தைத்த பனியன் கணக்கு முடியட்டும் என்றா?

கேட் யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எழுத ஒரு நிமிடம் ஆனது, எடுக்கவும் அவ்வளவுதானே? சனிக்கிழமைக்குள். சித்ரகலா அக்கா அம்மாவிடம் போனில் சத்தியம் செய்திருக்கிறாள், இந்தத் தடவை வந்துவிடுவேன் என்று. நான் என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படிக் கேட்டது இல்லை. கேட்கப் பழக்கமும் இல்லை. கேட்கிறேன்.

முத்துப்பேச்சி


ஐண்டோவன்
17 அக்டோபர்

முத்துப்பேச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியப்பாவிடம் பேசினேன். தீபாவளி முடியட்டும், பிறகு உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். அவர் யூனிட், அவர் கேட். அவரைக் கேட்காமல் நான் எடுத்துவிட்டு நாளை சரக்கு நின்றால் குடும்பத்தில் எனக்குப் பேச்சு. உனக்கு அதெல்லாம் புரியாது என்று சொல்லவில்லை. புரியும். அதனால்தான் சொல்கிறேன்.

தீ என்றெல்லாம் எழுதாதே. அப்படி ஒன்று நடந்தால் யாரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சர்வருக்குள் எதையும் மாற்ற விடுகிற அந்த ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உன்மேல் சந்தேகம் இல்லை. நீ கோபத்தில் எதையாவது அழித்துவிட்டால் பழி முழுக்க உன்மேல் வரும். உன் நல்லதுக்குத்தான். டிஸ்க் மாட்டியிருக்கிறது, இங்கிருந்து பார்த்தேன். எல்லாம் ஓடுகிறது. நாளை ஒன்றும் ஆகாது. தைரியமாக ஊருக்குப் போய் வா.

தரணி


சங்கரன்கோவில்
19 அக்டோபர், ஞாயிறு

தரணி அண்ணாவுக்கு,

இதை என் பெரியப்பா மகன் போனில் எழுதுகிறேன். நேற்று நடந்ததை மேனேஜர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அவர் சொல்லும் விதத்தில் மட்டும் நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தீபாவளி முடிந்து என்னை உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை. அதைப் பற்றிக் கேட்க இந்தக் கடிதம் இல்லை.

டிஸ்க் மாட்டியிருந்தது. நீங்கள் சொன்னபடி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் கடைசிப் பெட்டியும் ஏறி, கண்டெய்னர் போய்விட்டது. கணக்கை முடிக்கப்போகிற நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் யூ.பி.எஸ். கைவிட்டுவிட்டது. அதன் பேட்டரி செத்துவிட்டது என்று வைகாசியிலேயே சொல்லியிருந்தேன். சர்வர் சட்டென்று அணைந்து, தானாக எழ ஆரம்பித்தது. இந்தத் தடவை அது காத்திருந்தது வெளி டிஸ்க்குக்காக இல்லை. திடீரென்று அணைந்ததால் தன் சொந்த டிஸ்க்கையே சோதிக்க உட்கார்ந்துவிட்டது. வழக்கமாக ஒன்றரை நிமிடம் என்று கெடு போட்டிருக்குமே, அந்த இடத்தில் நேற்று என்ன எழுதியிருந்தது தெரியுமா? கெடு இல்லை. ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது. எவ்வளவு நேரமானாலும் சரி, கெடு இல்லை.

உங்களுக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான். மேனேஜர் மேசையிலிருந்து. என்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே அப்போது சனிக்கிழமை மதியம், வெளியே போயிருப்பீர்கள். குற்றம் சொல்லவில்லை.

மேனேஜர், "இப்பொ வந்துருமுங்க, ஒரு பத்து நிமிசம்" என்று முதலாளிக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய பத்து நிமிடம் முடிவதாக இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு முன்னால் எல்லோரும் பையோடு நின்றிருந்தார்கள். சித்ரகலா அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். மணி ஐந்தரை தாண்டிவிட்டது. கோவில்வழிக்கு அந்த நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இறங்கிப் போனேன். பின்னாலேயே மேனேஜர், "ஏம்புள்ள, சிஸ்டத்த உட்டுப்போட்டு எங்க போற?" என்றார். நான் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் வழி விட்டார்கள். பாஸ்வேர்டு மாதிரி ஏதோ கொண்டுவருகிறேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. சித்ரகலா அக்கா துண்டை விலக்கி, "என்னட்டி சொல்லுது ஒன் பொட்டி?" என்றாள்.

"ஒண்ணுஞ் சொல்லல" என்றேன்.

கேட்டைக் கடந்து போயிருக்கிறேனே தவிர, பக்கத்தில் நின்று கவனித்துப் பார்த்ததே இல்லை. சிஸ்டம் ரூமில் இருந்து பார்க்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதுபோல் தோன்றும். டிஸ்க்கைக் கணக்கு பிடித்திருக்கும், கணக்கைக் கேட் பிடித்திருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்தச் சின்னத் திரை ஒரு ஆணியில் மாட்டியிருக்கிறது, காலண்டர் மாதிரி. அதிலிருந்து கேட்டுக்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. பகலில் பூட்டும் கிடையாது. நடுவில் ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான், அண்ணா. நீங்கள் எழுதிய அந்த வரி அந்த ஆணிவரைக்கும்தான் வந்து நின்றிருக்கிறது.

கன்னையன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்ச வரட்டுங் கண்ணு, தொறந்துடறேன்" என்றார்.

"தீப்பிடிச்சா தொறப்பீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"அதென்ன கேள்வி? தொறக்காம என்ன பண்ணுவேன்?"

"அப்பயும் பச்ச வராதே."

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் மேனேஜர் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார்.

நான் தாழ்ப்பாளை இழுத்தேன். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கதவை முதுகால் தள்ளி, அது திரும்பி வந்து மூடிக்கொள்ளாதபடி சாய்ந்து நின்றுகொண்டு, ஒவ்வொருத்தி பேரையும் சத்தமாகச் சொல்லி வெளியே அனுப்பினேன்.